வந்தார் என்று எழுதியிருக்கலாம்

என் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் நாற்பத்தாறு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் படித்து, பரீட்சை எழுதி, மத்திய அரசு வேலையில் சேர்ந்து, மூன்று ஊர் மாற்றலாகி, கடைசியில் கொல்கத்தாவுக்கு வந்து அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகும் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. 'வித் ரெஃபரன்ஸ் டு' என்று ஆரம்பித்து 'ஃபார் நெசசரி ஆக்‌ஷன்' என்று முடித்தால் அது அலுவலக ஆங்கிலம். நடுவில் இருப்பதை எவன் படிக்கிறான்?

புதிதாக வந்த மேடம் படித்தார். டில்லியில் பத்து வருஷம் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கி வந்த வங்காளி அம்மாள். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. நான் எழுதி அனுப்பிய முதல் அறிக்கை இரண்டே நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. 'இதில் ஒன்றுமே நகரவில்லை.' எனக்கு வந்ததே கோபம்! கூரை ஒழுகுவதைப் பற்றிய அறிக்கை அது. கூரை எங்கே நகரும்?

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன். ஜாதவ்பூரில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். இங்கேயே வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. படித்துப் பார்த்துவிட்டு மேடம் கட்சிக்குப் போய்விட்டாள்.

"உன் வெர்ப் எல்லாம் செத்துக் கெடக்கும்மா. எல்லாத்துக்கும் வாஸ், ஹேட், கேம். ஒரே பொணமா இருக்கு."

"வெளக்கு வெக்கிற நேரத்துல பொணம் கிணம்னு பேசாத. என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

"மனப்பாடம் பண்ணாத. செஞ்சு பாரு."

அவள் முறை அதுதான். வாரம் ஒரு சாதாரண வினைச்சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக வரக்கூடிய உயிருள்ள வினைகளை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவாள். ஒவ்வொன்றையும் நான் உடம்பால் செய்துகாட்ட வேண்டும். முதல் வாரம் நடப்பது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தால் ஷஃபிள். கடை கண்ணி பார்த்துக்கொண்டு ஹாயாக நடந்தால் ஸான்ட்டர். சேற்றில் கால் புதைய, இழுத்து இழுத்து, ஆனாலும் நிற்காமல் நடந்தால் ட்ரட்ஜ். ஆடி ஆடி, இதோ விழப்போகிறேன் என்பதுபோல் நடந்தால் ஸ்டேகர். பதினாறடி ஹாலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மகள் சோபாவில் உட்கார்ந்து மார்க் போட்டாள். மூன்றாம் நாள் கீழ்வீட்டு பௌதி (இங்கே பௌதி என்றால் அண்ணி, திதி என்றால் அக்கா) மேலே வந்து, "என்ன திதி, டான்ஸ் கிளாஸ் ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போயிற்று. தமிழில் நாம் வினையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு முன்னால் ஒரு சத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறோம். விறுவிறுவென்று நடந்தான், தத்தித் தத்தி நடந்தான், மடக் மடக்கென்று குடித்தான். வங்காளிகளும் அப்படித்தான். வேகமாக நடந்தால் ஹன்ஹன் என்று நடப்பார்கள். இங்கிலீஷ்காரன் மட்டும் வினையையே மாற்றிவிடுகிறான். அந்தச் சூட்சுமம் பிடிபட்டதும், அடடா, இவ்வளவுதானா என்று இருந்தது. பஸ்ஸில் போகும்போது எதிரில் இருப்பவர்களுக்கெல்லாம் மனதுக்குள் வினை சூட்டிக்கொண்டு போவேன். கண்டக்டர் பார்க்கவில்லை, முறைத்துக் கிளேர் பண்ணினார். ஜன்னலோரக் கிழவர் சாப்பிடவில்லை, நறுநறுவென்று மென்று மன்ச் பண்ணினார். ஒருநாள் இதே யோசனையில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

வங்காளி பாஷைமேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரமும் வந்தது. பாருங்கள், இவர்களுக்கு எல்லாமே சாப்பாடுதான். சோற்றையும் சாப்பிடுவார்கள், தண்ணீரையும் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள், சாராயத்தையும் சாப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. ஐயோ பாவம் என்று நினைத்தேன். ஃப்ரிட்ஜில் அப்போது முப்பது வினைகள் ஒட்டியிருந்த திமிர்.

அந்தத் தாளில் ஒவ்வொரு ஆங்கில வினைக்கும் எதிரே தமிழ் எழுதுவது என் வேலை. ஸ்டேகருக்கு எதிரே 'தள்ளாடி நடத்தல்' என்று எழுதினேன். எழுதும்போது என் அப்பா ஞாபகம் வந்தது. கடைசி வருஷத்தில் கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவார். தள்ளாடுகிறாரே என்று அம்மா பின்னாலேயே ஓடுவாள். தமிழில் அந்தச் சொல் இரண்டு பேருக்கு உண்டு. வயதானவருக்கும் உண்டு, குடித்தவனுக்கும் உண்டு. எனக்கு அப்பாதான் தெரிந்தார்.

எங்கள் அலுவலக ரெக்கார்டு ரூமை ஒரு தாதா பார்த்துக்கொண்டார். இங்கே தாதா என்றால் அண்ணன். முதல்முறை நான் போனில், "ஆபீஸ்ல ஒரு தாதா இருக்கார்மா, எது கேட்டாலும் எடுத்துக் குடுத்துருவார்" என்றபோது மதுரையில் என் அம்மா பதறிப்போய், "அரசாங்க ஆபீஸ்ல ரவுடிக்கு என்னடி வேலை?" என்று கேட்டாள். ஒல்லியான மனுஷர். ஓய்வுபெற மூன்று மாதம்தான் இருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அதை மாதம் ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

ஆவணி மழை. முதல் நாள் சாயங்காலம் ஆரம்பித்தது விடிந்தும் நிற்கவில்லை. அது வலுப்பதற்கு முன் கிளம்பிவிட்டதால் நான் எப்படியோ வந்து சேர்ந்தேன். பிரிவில் வேறு ஒருவரும் இல்லை. மேடமும் வெளியூர் போயிருந்தார். என் மேஜையை ஒட்டி ஜன்னலோரம் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தது, நான் அறிக்கை எழுதிய அதே ஒழுகல். அன்றைக்கு ஒரு பழைய வழக்கின் ஃபைல் கட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹவுரா கிடங்கில் இருந்தது. தாதா வீடும் ஹவுராவில்தான். வரும்போது எடுத்து வருகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இந்த மழையில் எங்கே வரப்போகிறார் என்று இருந்தேன்.

பன்னிரண்டரைக்கு வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். லாஞ்சில் ஆற்றைக் கடந்து, பஸ் ஓடாததால் படித்துறையிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறார். ஃபைல் கட்டைப் பாலிதீனில் சுற்றித் தலைமேல் வைத்திருந்தார். ஒரு சொட்டு நனையவில்லை. மேஜைக்கு அருகே வந்து பாலிதீனைப் பிரித்தார். கை வெடவெடவென்று நடுங்கியது. கட்டு நழுவியது. நேராக வாளிக்குள் விழுந்தது!

ஆற்றையும் தெருவையும் கடந்து வந்த ஃபைல் எங்கள் வாளியில் முழுகிற்று. அவர் என்னவோ வாய்க்குள் சொன்னார், நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன், அனலாகக் கொதித்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். தாள்களை ஒவ்வொன்றாக ஃபேனுக்கு அடியில் விரித்தோம். கோர்ட்டில் வாய்தா வாங்கும்படி ஆகிவிட்டது.

மேடம் திரும்பி வந்ததும் கேட்டார், ஃபைல் எப்படி நனைந்தது என்று நேரில் பார்த்தவர் எழுதிக் கொடுங்கள் என்று. நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். பேனாவை எடுத்தேன். ஆகா, எவ்வளவு நாள் காத்திருந்தேன்! ஸ்டேகர், மம்பிள், ஃபம்பிள், ஸ்லம்ப். தள்ளாடி உள்ளே வந்தார், வாய்க்குள் முணுமுணுத்தார், கட்டைப் பிடிக்க முடியாமல் தடுமாறினார், நாற்காலியில் சரிந்தார். நாலு வாக்கியம், நாலு வினை. ஒன்றுகூட ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் எழுதியது. ஒரு வயதான மனுஷர் பட்ட பாட்டைக் கண்முன் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று எழுதவில்லை, முழங்கால் தண்ணீர் என்று எழுதவில்லை. வினையே எல்லாம் சொல்லிவிடும் என்று அல்லவா மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மேடம் படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். "பிரமாதம். இப்ப நகருது," என்றார். ஆண்டறிக்கையை எழுதும் பொறுப்பை எனக்கே தரப்போவதாகவும் சொன்னார். மகளுக்கு வழியில் ரசகுல்லா வாங்கிப் போனேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தாதா என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு தாள். என்ன என்று கேட்டேன். நீட்டினார். மெமோ. பணிநேரத்தில் மதுபோதையில் அலுவலகம் வந்து வழக்கு ஆவணத்தைச் சேதப்படுத்தியதாகத் தெரிகிறது, ஏன் உங்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தரவும். ஆதாரம் என்ற இடத்தில் மேற்கோள் குறிக்குள் நாலு வார்த்தைகள். என் நாலு வார்த்தைகள்.

மறுபடி படித்தேன். இந்த முறை அப்பாவை நினைக்காமல் படித்தேன். கடவுளே! தள்ளாடி வந்து, உளறி, கைதவறிப் போட்டு, நாற்காலியில் சரிந்தவன் வேறு யார்? மேடம் அவருடன் பழகியவர் இல்லை, இந்த அலுவலகத்துக்கு வந்தே இரண்டு மாதம்தான். தாளில் இருந்ததைத்தான் படித்தார்.

தாதா வங்காளியில் பேசினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"திதி, என் வாழ்க்கையில ஒரு சொட்டு சாப்பிட்டதில்ல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் தாதா. நான் அப்படி எழுதல. சத்தியமா அந்த அர்த்தத்துல எழுதல."

"இந்த வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியாது. என் மருமகன்கிட்டக் காட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்." தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வந்தார்னு எழுதியிருக்கலாமே திதி. அன்னிக்கு யாருமே வரல. ஆமி தோ எஷேச்சிலாம். நான் வந்தேன் இல்லையா?"

ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டார். விசாரணை என்று ஆரம்பித்தால் மூன்று மாதத்தில் முடியாது. ஓய்வூதியம் தொங்கும். அதைவிட, முப்பத்தைந்து வருஷம் பொத்திப் பொத்தி வைத்த பேர், போகிற நேரத்தில் குடிகாரன் என்று ஆகிவிடும். அவர் மருமகன் ஏற்கெனவே ஒரு மாதிரி பார்த்துவிட்டான். இதெல்லாம் யாரால்? என்னால்.

வீட்டுக்குப் போனதும் மகள்மேல் பாய்ந்தேன். என் சுபாவம் அப்படி, தப்பு என் பக்கம் இருந்தால் கோபம் இரண்டு மடங்காக வரும்.

"நீதானேடி சொல்லிக் குடுத்த? இப்பப் பாரு, ஒரு மனுஷன் மானம் போகுது!"

அவள் அறிக்கையின் நகலை வாங்கிப் படித்தாள். முகம் மாறியது. "அம்மா, இதைப் படிச்சா யாரா இருந்தாலும் குடிச்சிருக்கார்னுதான் நெனப்பாங்க. ஒரு ஸ்டேகர் மட்டும்னா பரவால்ல. நாலையும் வரிசையா வெச்சிருக்க."

"தள்ளாடி வந்தார்னு எழுதினேன். அதுல என்ன தப்பு?"

"முழங்கால் வரைக்கும் தண்ணி, காய்ச்சல், அதெல்லாம் எங்க? அதை விட்டுட்டு வெறும் வெர்ப்பா எழுதியிருக்க." பிறகு எழுந்துபோய் ஃப்ரிட்ஜில் விரலை வைத்தாள். "அவர் எப்படி நடந்தார்னு நீ சொல்றியோ அது இது. ட்ரட்ஜ். ஸ்டேகருக்கு மேல் வரி."

ஒரு வரி மேலே. நான் ஒரு வரி கீழே எடுத்துவிட்டேன். சோபாவில் உட்கார்ந்து அழுதேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாரிம்மா, நானும் ஓவரா ஏத்திவிட்டுட்டேன்" என்றாள். அதைக் கேட்டதும் திட்டியதற்கு வருத்தமாக இருந்தது. ரசகுல்லா டப்பாவில் இரண்டு மிச்சம் இருந்தது, ஆளுக்கு ஒன்று தின்றோம்.

இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேடமிடம் போய், எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் சரியாகத் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பிரமாதம் என்றவரிடம். ஆண்டறிக்கை தருகிறேன் என்றவரிடம். அது எழுத்தில் போய் ஃபைலில் உட்காரும். இருபது வருஷம் கழித்து யாராவது திறந்தாலும் இந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று இருக்கும். அதை நினைத்துப் பயந்தேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது ஒரு வழி தோன்றியது. ஸ்டேகருக்கு அகராதியில் களைப்பால் நடப்பது என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டால் என் மானமும் பிழைக்கும், அவரும் பிழைப்பார். அந்தத் தைரியத்தில் அலுவலகம் போனேன். படியில் தாதா எதிரில் வந்தார். வழக்கமாக 'பாலோ?' என்று நலம் விசாரிப்பவர், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அகராதியெல்லாம் அங்கேயே போயிற்று.

உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். முதல் தாளில் வார்த்தைகள் பழைய பழக்கத்தில் குதித்துக்கொண்டு வந்தன. கிழித்துப் போட்டேன். இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவது இப்படி வந்தது: அவர் வந்தார். முழுக்க நனைந்திருந்தார். அவருக்குக் காய்ச்சல் இருந்தது, நான் தொட்டுப் பார்த்தேன். மெதுவாகப் பேசினார். கை குளிரில் நடுங்கியது, கட்டு விழுந்தது. உட்கார்ந்தார். அவர் குடித்திருக்கவில்லை. முந்தைய அறிக்கையில் நான் போட்ட நாலு வார்த்தைகள் தவறு, அவற்றை ஆங்கிலம் காட்டுவதற்காகப் போட்டேன். எல்லாம் மகள் பிணம் என்று சொன்ன அதே வாஸ், ஹேட், கேம். ஒரே பக்கம்.

மேடம் இரண்டு பேரையும் ஒன்றாக அழைத்தார். தாதா கதவோரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேடம் என் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வாரத்துல ரெண்டு அறிக்கை. முதல்ல ஒருத்தர் தள்ளாடறார், இப்ப சாதாரணமா வர்றார். நான் எதை நம்பறது? கூட வேலை பாக்கறவரைக் காப்பாத்தறீங்களா?"

நியாயமான கேள்வி. "மேடம், எனக்கு வார்த்தை தெரியல. ஆனா நடை தெரியும்," என்றேன்.

"அப்ப நடந்து காட்டுங்க."

விளையாட்டாகச் சொன்னாரோ, நிஜமாகச் சொன்னாரோ, நான் யோசிக்கவில்லை. எழுந்து கதவருகே போனேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். "இது ஸ்டேகர்" என்று சொல்லி ஆடி ஆடி நாலு அடி வந்தேன், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். பிறகு திரும்பிப் போய், மேஜைமேல் இருந்த ஒரு ஃபைலை எடுத்துத் தலைமேல் வைத்தேன். "இது அவர் வந்தது." காலைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். முதுகை வளைக்கவில்லை, அவர் வளைக்கவில்லை. கண்ணை மேஜைமேலேயே வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராக மேடத்தின் மேஜைவரை வந்தேன். எங்கள் ஹாலில் நடந்து பழகிய நடை. வைக்கும்போது கையை நடுங்கவிட்டேன்.

தாதாவைப் பார்த்தேன். கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார். திடீரென்று, "மேடம், நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். எனக்குப் பகீர் என்றது. "அன்னிக்குக் காலையில காய்ச்சலுக்கு ஹோமியோபதி நாலு உருண்டை சாப்பிட்டேன். அதுல ஸ்பிரிட் ஊத்துவாங்க. அதை விட்டா வேற ஒண்ணும் இல்ல."

போச்சு! இந்த மனுஷர் தானே குழியில் இறங்குகிறாரே என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மேடம் முகத்தில் அப்போதுதான் முதல்தடவை ஓர் அசைவு தெரிந்தது.

"எந்த மருந்து?" என்று வங்காளியில் கேட்டார்.

தாதா பெயர் சொன்னார். மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மழையில நனைஞ்சதுக்கு அது இல்ல தாதா, இதைச் சாப்பிடணும்" என்றார். பிறகு இரண்டு பேரும் எத்தனை உருண்டை, வெறும் வயிற்றிலா, வெங்காயம் தின்னலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிடக்கூடத் தோன்றாமல் நின்றேன். மேடம் அவரைத் தாதா என்று கூப்பிட்டுவிட்டார் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அப்பாடா! முதுகில் ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது.

மேடம் என் முதல் அறிக்கையை முன்னால் இழுத்தார். "நீங்க நடந்து காட்டினது ட்ரட்ஜ்," என்றார். "அதைப் போட்டுத் திருத்திடலாமா?"

சரி என்றுதான் வாய் வந்தது. சரியான வார்த்தைதான் அது. ஆனால் கதவோரம் நின்றவர் கேட்டது அது இல்லை.

"வேண்டாம் மேடம். வந்தார்னு மட்டும் போடுங்க. அன்னிக்கு வேற யாரும் வரல."

மேடம் சிவப்புப் பேனாவால் ஸ்டேகர்டை அடித்து அதன்மேல் 'கேம்' என்று எழுதினார். மற்ற மூன்றையும் அடித்தார். கீழே, மெமோ திரும்பப் பெறப்படுகிறது, ஆவணம் கூரை ஒழுகலால் நனைந்தது, கூரையை உடனே சரிசெய்யவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாதாவின் மெமோவையும் வாங்கிக் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார். கூரையும் கடைசியில் நகர்ந்தது. நாங்கள் வெளியே போகும்போது என்னைக் கூப்பிட்டு, "ஆண்டறிக்கை உங்ககிட்டத்தான். ஆனா வெர்பை எல்லாம் முதல்ல எனக்கு நடந்து காட்டிடுங்க," என்றார்.

படி இறங்கியதும் தாதா வாசலில் நின்று அந்த மெமோவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். மருமகனிடம் காட்ட வேண்டும், மேடம் கையெழுத்தோடு என்றார். அப்போதுதான் சிரித்தார்.

"திதி, ரொம்ப நல்லா நடந்தீங்க. ஆனா நான் அவ்வளவு வேகமா வரல."

"ஃபைல் கனமில்ல தாதா, அதான்."

"சா காபேன்?" என்று கேட்டார். டீ சாப்பிடுகிறீர்களா என்று. எதிரே மரத்தடிக் கடையில் நின்றோம். மண் குவளை சுட்டது. வெயில் அடித்தது. எனக்கு அந்த நிமிஷம் இருந்த நிம்மதியை என்ன சொல்ல, வீட்டு ஃப்ரிட்ஜில் அதற்கு ஒரு சொல்லும் ஒட்டியிருக்கவில்லை. காலையிலிருந்து எதுவும் இறங்காத தொண்டையில் டீ ஜிலுஜிலுவென்று, சூடாகத்தான், ஆனாலும் ஜிலுஜிலுவென்று இறங்கியது.

மகளிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும், "என்னாச்சும்மா? அவர் தப்பிச்சாரா?" என்று கேட்டாள்.

"தப்பிச்சார்டி. இதோ பக்கத்துலதான் இருக்கார்."

"ஐயோ, அப்பாடா! ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? டீ குடிக்கிறீங்களா?"

"சாப்பிடறோம்டி," என்றேன். "குடிக்கிறோம்னு எங்கயும் வாயத் தொறந்துடாத."